நீர் காணாத படகு



இந்த வாரம் ஒரு சிறு கேள்வியை உங்கள் முன் வைக்கிறோம். பார்வைக்கு அது பிள்ளை விளையாட்டுபோல் இருக்கும். ஆனால் விடாமல் பின்தொடர்ந்து போனால் அது நம் அடுப்படி வரைக்கும், தறிக்குழி வரைக்கும், பாவசங்கீர்த்தனத் தொட்டி வரைக்கும் வந்துவிடும். கேள்வி இதுதான்: ஒருபோதும் தண்ணீரில் இறங்கப்போகாத ஒரு படகு, உள்ளுக்குள்ளும் சரியாக இருக்க வேண்டுமா?

கடற்கரை ஊர்களில் இப்படிக் கேட்டால் சிரிப்பார்கள். நாமோ அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து மக்கள். "தண்ணியில்லாக் காடு" என்று பேர் வாங்கின சீமை இது. குண்டாற்றில் ஆண்டின் பெரும்பகுதி மணல்தான் ஓடுகிறது. கோடையில் கண்மாய்க்குள் ஆடு மேய்கிறது. கரிசல் மண் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கிறது. கடலைப் பார்க்க வேண்டுமானால் வேம்பாருக்கோ தூத்துக்குடிக்கோ பஸ் ஏற வேண்டும். இப்படிப்பட்ட ஊரில் ஒருவன் படகு செய்தால் அது கண்ணாடிப் பெட்டியிலோ, வீட்டு மாடத்திலோதான் நிற்கும். ஆகவே இந்தக் கேள்வியை வேறு எவரையும்விட நாமே நேர்மையாகக் கேட்க முடியும்.

உங்கள் வீட்டுப் பையன் ஒருவன் கோடை விடுமுறையில் மரத்தால் ஒரு மாதிரித் தோணி செய்ய உட்கார்ந்திருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுக்கட்டையைக் குடைந்து செய்யும் படகல்ல அது. வரைபடத்தை விரித்துவைத்து, நிஜத் தோணியைக் கட்டுவதுபோலவே அங்கம் அங்கமாகக் கட்டுகிற வேலை. அடிமரமாகிய ஏராவை முதலில் கிடத்த வேண்டும். அதன்மேல் மனிதனுடைய விலா எலும்புகளைப்போல் வங்குகளை ஒவ்வொன்றாக நிறுத்த வேண்டும். பிறகு மெல்லிய பலகைப் பட்டிகளை வெந்நீரில் ஊறவைத்து வளைத்து, வங்குகளின்மேல் ஒட்ட வேண்டும். ஒரு பக்கத்தையே முழுவதும் மூடிவிட்டு மறுபக்கம் வந்தால் உடம்பு முறுக்கிக்கொள்ளும். ஆகையால் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றி ஒட்ட வேண்டும். பொறுமை இல்லாதவனுக்கு இந்த வேலை ஆகாது.

வரைபடத்தில் ஓர் அடிக்குக் கால் அங்குலம் என்பது அளவு என்று வைப்போம். அறுபதடித் தோணி பையனுடைய மேஜையில் பதினைந்து அங்குலமாக நிற்கும். வங்குகளெல்லாம் நிறுத்தியாயிற்று. மெல்லிய ஈர்க்குபோன்ற ஒரு பட்டியை எடுத்து, அணியத்திலிருந்து அமரம்வரை வங்குகளின்மேல் படியவைத்துப் பார்க்கிறான். நான்காவது வங்கில் பட்டி படியவில்லை. அங்கே ஒரு நூல் குறைவாக அறுத்திருக்கிறான். ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. இந்தச் சிறு படகில் அது கண்ணுக்குத் தெரியாத குறை. நிஜத் தோணியிலோ அது அரை அடி!

இப்போது அவன் முன் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, வங்கைக் கழற்றித் திருத்துவது. அதற்கு இரண்டு நாள் ஆகும். மற்றொன்று, அப்படியே பலகையை ஒட்டி, பள்ளம் விழுந்த இடத்தில் மக்கு வைத்து அடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வர்ணம் பூசிவிடுவது. பலகை மூடிய பின் வங்கை எவரும் பார்க்கப் போவதில்லை. திண்ணையில் உட்கார்ந்திருக்கும் மாமா சொல்லுகிறார்: "விட்டுத் தள்ளுப்பா! இது என்ன கொழும்புக்கா சரக்கு ஏற்றிக்கொண்டு போகப் போகிறது?"

பையன் உங்கள் முகத்தைப் பார்க்கிறான். நீங்கள் என்ன சொல்லுவீர்கள்?

மாமாவின் பேச்சைச் சுலபமாக ஒதுக்கிவிடலாகாது. அதில் நியாயம் உண்டு. ஒரு பொருளின் சரி, தப்பு அதன் உபயோகத்தைப் பொறுத்தது என்கிறார் அவர். ஓட்டைக் குடம் தண்ணீர் எடுக்க உதவாது. ஆனால் பூச்செடி வைக்க உதவும். படகின் உபயோகம் மிதப்பது. மிதக்கவே போகாத படகுக்கு உள்ளே ஒரு நூல் குறைந்தால் யாருக்கு நஷ்டம்? அன்றியும், நம்முடைய வீடுகளில் நேரமும் காசும் ஏராளமாகக் கொட்டிக் கிடக்கவில்லை. பயனில்லாத காரியத்தில் இரண்டு நாளைச் செலவிடுவது ஒருவகை வீண்பெருமை அல்லவா? தேவையில்லாத இடத்திலெல்லாம் பாவத்தைத் தேடி மனத்தைப் புண்ணாக்கிக்கொள்வதை ஆத்தும குருக்களும் கண்டிக்கிறார்களே! இவையெல்லாம் உண்மையான ஆட்சேபங்கள்.

அவற்றுக்கு நாம் சாதாரணமாகச் சொல்லும் முதல் பதில், "தண்ணீர் வந்தாலும் வரும்" என்பது. இந்தப் பதிலுக்கும் பலம் உண்டு. நம் முன்னோர் கோடையில்தான் கண்மாய்க் கரையைக் கட்டினார்கள். துளித் தண்ணீர் இல்லாத நாளில் மடையைச் சீர்படுத்தி, வரத்துக்காலைத் தூர்வாரி, கலுங்கைப் பழுதுபார்த்தார்கள். குடிமராமத்து என்று அதற்குப் பெயர். வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்ற பழமொழி வறண்ட சீமைக்காரன் வாயில்தான் அதிக அர்த்தத்தோடு ஒலிக்கிறது. திருச்சுழி என்ற ஊர்ப்பெயரையே பாருங்கள். பிரளய வெள்ளம் அங்கே சுழித்துப் பூமிக்குள் இறங்கியது என்று அவ்வூர்க் கோயிலின் தலபுராணம் சொல்லுகிறது. இத்தனை வறண்ட ஊர் தன் பெயரிலேயே ஒரு வெள்ளத்தின் நினைவைச் சுமந்துகொண்டிருக்கிறது.

புராணம் ஒருபுறமிருக்க, நம் கண் முன்னே நடந்ததைப் பாருங்கள். 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெய்த மழையை மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்தது. நம் வட்டாரத்தில் ஆண்டு முழுவதும் பெய்யும் சராசரி மழையைவிட அது அதிகம்! தூத்துக்குடியில் தெருக்களில் படகு ஓடிற்று. அதற்கு முன் 2018 ஆகஸ்டில் கேரளத்தில் பெருவெள்ளம் வந்தபோது, கடற்கரைக் கிராமங்களின் மீனவர்கள் தங்கள் வள்ளங்களை லாரிகளில் ஏற்றி, உள்நாட்டு ஊர்களுக்குக் கொண்டுபோய், ஆயிரக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றினார்கள். அவர்களில் நம் கத்தோலிக்கச் சகோதரர் அநேகர் உண்டு. கடலையே பாராத தெருக்களில் அந்த வள்ளங்கள் மிதந்தன. அவற்றைக் கட்டிய ஓடாவி, இது எந்தத் தண்ணீரில் ஓடும், எவரை ஏற்றும் என்று அறிந்து கட்டவில்லை. ஆனால் சரியாகக் கட்டியிருந்தான். மாடியில் சிக்கித் தவித்த கிழவிக்கும் கைக்குழந்தைக்கும் அதுவே போதுமாயிருந்தது.

இதெல்லாம் உண்மையே. எனினும் நம்முடைய கேள்விக்கு இது முழுப் பதிலாகாது. ஏனென்றால் பையனுடைய பதினைந்து அங்குலத் தோணியில் எந்த வெள்ளத்திலும் எவரும் ஏறப்போவதில்லை. நாளைக்குச் சோதனை வரும் என்ற பயத்தினால் மட்டும் ஒருவன் நேர்மையாக இருந்தால், சோதனை வராது என்று உறுதியாய்த் தெரிந்த இடத்தில் அவன் என்ன செய்வான்? இன்ஸ்பெக்டர் வருகிற நாளில் மட்டும் தராசைச் சரிபார்க்கும் கடைக்காரனை நாம் நேர்மையுள்ளவன் என்று சொல்லுவதில்லை. ஆகவே இன்னும் ஒரு படி இறங்கிப் பார்ப்போம்.

இரண்டாவது பதில் இது. ஒரு பொருளைச் செய்கிறவன் அதன் மூலமாக ஒரு வார்த்தை சொல்லுகிறான். கல்யாண முருங்கைக் கட்டை ஒன்றைச் சீவி, நடுவில் குச்சி நட்டு, "இது கப்பல்" என்று தம்பிக்குக் கொடுக்கிறான் ஒரு பையன். அதில் ஏராவும் இல்லை, வங்கும் இல்லை. ஆனால் பொய்யும் இல்லை. "நான் ஒரு கட்டை, என்னைக் கப்பலாக எண்ணி விளையாடு" என்று அது வெளிப்படையாகச் சொல்லுகிறது. காகிதக் கத்திக்கப்பலும் அப்படியே. மக்கு வைத்து மூடின தோணியின் கதை வேறு. "வரைபடத்தில் உள்ளபடி நான் கட்டப்பட்டிருக்கிறேன், என் வர்ணத்தின் கீழே ஒழுங்கான வங்குகள் இருக்கின்றன" என்று அது பார்க்கிறவர்களுக்குச் சொல்லுகிறது. சொல்லுவது பொய். எளிமையாய்ச் செய்வது குற்றமல்ல. அரைகுறையாய்ச் செய்ததை முழுமையென்று காட்டுவதுதான் குற்றம். ஆகவே நாம் பையனிடம் கேட்பது குறையற்ற வேலையை அல்ல, உண்மையான வேலையை. மாமாவின் ஆட்சேபத்தில் இந்த இரண்டும் ஒன்றாகக் கலந்துவிட்டன.

அருப்புக்கோட்டை நெசவு ஊர். தறிக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அங்குலத்துக்கு இத்தனை இழை என்று பேசின சேலையில் இழையைக் குறைத்துவிட்டுக் கஞ்சியை ஏற்றி விறைப்பாக நிறுத்தினால், கடையில் அது நல்ல சேலையாகவே நிற்கும். முதல் வெளுப்பில்தான் சாயம் வெளுக்கும் என்பார்கள். அந்தச் சேலையை வாங்கினவள் ஒருநாளும் உடுத்தாமல் பெட்டியிலேயே வைத்திருந்து செத்துப்போனாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். குறை வெளிப்படவே இல்லை. அதனால் குறைத்த இழை கூடிவிடுமா? சொன்ன பொய் மெய்யாகிவிடுமா?

மூன்றாவதாக, செய்கிறவனைப் பற்றியும் யோசிக்க வேண்டும். "நல்ல வேலை செய்தால் நல்லவனாகிவிடுவான்" என்று நாம் அவசரப்பட்டுச் சொல்லுவதுண்டு. அர்ச். தோமாஸ் அக்குயினாஸ் அவ்வளவு சுலபமாக இதை ஒப்புக்கொள்ளவில்லை. கைத்தொழில் திறமை செய்யப்படும் பொருளின் நன்மையைப் பார்க்கிறது, செய்கிறவனுடைய மனத்தின் நன்மையை அல்ல என்று அவர் பிரித்துக் காட்டுகிறார். அது உண்மைதான். கை சுத்தமான தச்சன் வீட்டில் மனைவியை அடிப்பவனாக இருக்கலாம். கோணல் கையுள்ள ஏழை ஒருவன் அர்ச்சிஷ்டவனாக இருக்கலாம். ஆகவே படகு நேராக இருப்பதால் பையன் மோட்சம் போய்விடுவான் என்று நாம் சொல்லவில்லை.

ஆனால் அந்த நான்காவது வங்கின் முன் அவன் உட்கார்ந்திருக்கிற நேரத்தைக் கவனியுங்கள். குறை அவனுக்குத் தெரியும். வேறு எவருக்கும் தெரியாது. மூடிவிட எல்லா வசதியும் இருக்கிறது. இந்த இடத்தில் அவனை நிறுத்துவது கைத்திறமை அல்ல, மனச்சாட்சி. இங்கே அவன் "யார் பார்க்கப் போகிறார்கள்?" என்று ஒருமுறை சொல்லிப் பழகினால், அந்தச் சொல் அவன் வாயிலேயே தங்கிவிடும். பின்னொரு நாள் பரீட்சை மண்டபத்தில் சொல்லுவான். கட்டட மேஸ்திரியானால், தளம் போடும்போது கம்பியைக் குறைத்துவிட்டுச் சொல்லுவான். கலியாணமானவனானால், வெளியூரில் தனியே தங்கும்போது சொல்லுவான். ஒவ்வொரு தடவையும் அதன்மேல் பலகை வந்து மூடிக்கொள்ளும். வெளியே வர்ணம் பளபளக்கும்.

மரவேலையில் அந்த மெல்லிய பட்டியை வைத்துப் பார்க்கும் பழக்கம் எவ்வளவு நல்லது! கண் ஏமாற்றும், பட்டி ஏமாற்றாது. வங்குக்கு வங்கு தாவும்போது எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று அது சொல்லிவிடும். இரவுச் செபத்துக்கு முன் நாம் செய்ய வேண்டிய ஆத்தும சோதனையும் இதே வேலைதான். நாள் முழுவதையும் அணியம் முதல் அமரம் வரை ஒரே பட்டியால் தடவிப் பார்க்க வேண்டும். பலகை மூடுவதற்கு முன்னால் பார்க்க வேண்டும் என்பதுதான் முக்கியம். மூடிய பின் திருத்துவது பத்து மடங்கு கஷ்டம் என்பதை அநேக ஆண்டு பாவசங்கீர்த்தனத்தைத் தள்ளிப்போட்டவர்கள் அறிவார்கள்.

இனி, வரைபடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. "பிறர் கிழித்த கோட்டின்மேல் நடப்பது அடிமை வேலை, தானாகச் செய்வதே பெருமை" என்று இந்தக் காலத்துப் பிள்ளைகள் சொல்லக் கேட்கிறோம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று பெரியவர்களும் சொல்லுகிறார்கள். தூத்துக்குடியில் தலைமுறை தலைமுறையாகக் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிப்போன தோணிகளைக் காகித வரைபடம் இல்லாமலேதான் கட்டினார்கள். யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் பரம்பரை அறிவைக்கொண்டு கட்டிய "அன்னபூரணி" என்ற பாய்க்கப்பல், 1938-ஆம் ஆண்டு அமெரிக்காவின் கிளாஸ்டர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது. அப்படியானால் வரைபடம் வேண்டாமா?

காகிதம் இல்லை என்பதால் அவர்களுக்கு வரைபடமே இல்லை என்று எண்ணலாகாது. தகப்பன் தோளிலிருந்து மகன் கைக்கு இறங்கிய அளவு அவர்களிடம் இருந்தது. 1950-ல் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தார் அச்சிட்ட "கப்பல் சாத்திரம்" என்ற பழைய சுவடியைப் பார்த்தால், நம் நாட்டார் கப்பலின் அளவுகளை எவ்வளவு கருத்தோடு எண்ணினார்கள் என்பது விளங்கும். தன் இஷ்டத்துக்குக் கட்டினவன் எவனும் கரை சேரவில்லை. அளவு ஏட்டில் இருக்கலாம், மனத்தில் இருக்கலாம். ஆனால் அது கட்டுகிறவனுக்கு மேலே இருக்கிறது. அவன் அதற்குக் கீழ்ப்படிகிறான்.

வேதாகமத்தில் சர்வேசுரனே வரைபடம் கொடுத்த இடங்கள் உண்டு. மோயீசனுக்கு மலையில் ஆசாரக் கூடாரத்தின் மாதிரியைக் காட்டி, அதன்படியே செய்யச் சொன்னார். அதற்கு வெகு காலம் முன்னே நோவேக்கு ஒரு பெட்டகத்தின் அளவைக் கொடுத்தார்: நீளம் 300 முழம், அகலம் 50 முழம், உயரம் 30 முழம், மூன்று தட்டு, பக்கத்தில் ஒரு வாசல், உள்ளும் புறமும் கீல் பூச்சு. பெட்டகத்தின் உள்பக்கத்துக்கும் கீல் பூசச் சொன்னதைக் கவனித்தீர்களா? நோவேயும் நம்மைப்போல் உலர்ந்த தரையில் நின்றுதான் படகு கட்டினான். இன்னும் காணாத காரியத்தை நம்பிக் கட்டினான் என்று எபிரேயருக்கு எழுதின நிருபம் அவனுடைய விசுவாசத்தைப் புகழுகிறது. மழை வரும்வரை அவனுடைய அண்டை வீட்டார் எத்தனை மாமாக்கள் எத்தனை விதமாய்ச் சிரித்திருப்பார்கள்!

இன்னொரு விஷயமும் உண்டு. அந்த அளவுகளில் சுக்கான் சொல்லப்படவில்லை, பாய்மரமும் சொல்லப்படவில்லை. கட்டுவது நோவேயின் பொறுப்பு. செலுத்துவது சர்வேசுரனுடைய பொறுப்பு. நமக்கும் நம்முடைய வாழ்க்கையின் முழு வரைபடமும் கொடுக்கப்படவில்லை. படகு வரைபடத்திலேகூட வங்குகளின் தோற்றத்தைப் பாதிதான் வரைவார்கள். மறுபாதி அதைப்போலவே என்று கட்டுகிறவன் அறிந்துகொள்ள வேண்டும். பத்துக் கற்பனைகளும் அப்படியே. பிறன் பொருளைத் திருடாதே என்று எழுதியிருக்கிறது. கஞ்சி போட்டுச் சேலையை நிறுத்தாதே என்று எழுதியில்லை. அந்த மறுபாதியை நம்முடைய மனச்சாட்சியைக்கொண்டு நாமே வரைந்துகொள்ள வேண்டும். இதில் அடிமைத்தனம் எங்கே இருக்கிறது? கோடு அவருடையது, கை நம்முடையது.

அந்தக் கை எப்படிப்பட்ட மரத்தை எடுக்கிறது என்பதிலும் ஒரு பாடம் இருக்கிறது. நம் கண்மாய்களில் வளரும் நாட்டுக் கருவேல் மரத்தைக் கலப்பைக்கும் வண்டிக்கும் உபயோகிப்பதை அறிவீர்கள். படகு கட்டுகிறவர்களும் அதன் இயற்கையாய் வளைந்த கொம்புகளை வங்குக்காகத் தேடி எடுப்பது வழக்கம். நேரான மரத்தை வெட்டி வளைவு செய்தால் இழை அறுந்துபோகும். வளைந்தே வளர்ந்த கொம்புக்குத்தான் பலம் அதிகம். தண்ணீர் இல்லாத சீமையில் கோணிக்கொண்டு வளர்ந்த முள்மரம் கடல் அலையைத் தாங்குகிறது. ஆகவே நம்முடைய குணக்கோணலைப் பார்த்து அதைரியப்பட வேண்டாம். கோணல் மரமும் வரைபடத்துக்குள் ஓர் இடத்தில் பொருந்தும். மறைத்து வைத்த வெடிப்புத்தான் பொருந்தாது.

நாம் கேட்ட கேள்விக்குக் கடைசியும் முதன்மையுமான பதில் நசரேத்தில் இருக்கிறது. அர்ச். சூசையப்பர் தச்சர். நம் ஆண்டவரும் ஏறக்குறைய முப்பது வயதுவரை அந்தப் பட்டறையில்தான் இருந்தார். கலப்பையும் நுகத்தடியும் அவர் செய்தார் என்று இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த வேதசாட்சியான அர்ச். ஜஸ்தீன் எழுதிவைத்திருக்கிறார். அந்தக் கலப்பைகளில் ஒன்றுகூட இன்று உலகத்தில் இல்லை. எந்த நிலத்தில் உழுதன, எந்த மாட்டின் கழுத்தில் ஏறின என்று ஒருவருக்கும் தெரியாது. உலக இரட்சகர் தம் ஆயுளின் மிகப் பெரும்பகுதியைச் செலவிட்ட வேலையை எந்தச் சரித்திரமும் சோதித்து மார்க்குப் போடவில்லை. அதனால் அந்த வேலை வீணாய்ப் போயிற்றா? பிதாவானவர் பார்த்தார், அவ்வளவே. அவருக்குப் பிரியமான குமாரன் அவரே என்ற சாட்சி ஸ்நானத்தின்போது வானத்திலிருந்து வந்தது. அப்போது அவர் ஒரு புதுமையும் செய்திருக்கவில்லை. மரம் இழைத்திருந்தார், தாய்க்கும் வளர்த்த தகப்பனுக்கும் கீழ்ப்படிந்திருந்தார்.

1955-ஆம் ஆண்டு 12-ம் பத்திநாதர் பாப்பானவர் மே மாதம் முதல் தேதியைத் தொழிலாளியான அர்ச். சூசையப்பருடைய திருநாளாக ஏற்படுத்தினார். அந்தத் திருநாளில் நாம் கருவிகளை மந்திரித்துக்கொள்ளுகிறோம். உளியை மந்திரிப்பது எதற்காக? உளி பிடித்த கை பார்க்கப்படுகிறது என்று நினைவுபடுத்திக்கொள்ளுவதற்காக.

பிரான்சு தேசத்து மார்செய் நகரில் குன்றின்மேல் தேவமாதாவின் கோயில் ஒன்று உண்டு. அதன் உட்கூரையிலிருந்து சிறு சிறு மாதிரிக் கப்பல்கள் தொங்குகின்றன. புயலில் தப்பியவர்களுடைய நேர்ச்சைக் காணிக்கை அவை. ஒன்றும் தண்ணீரில் இறங்காது. இறங்க வேண்டிய பிரயாணம் முடிந்துவிட்டது. இப்போது அவை நன்றி சொல்லிக்கொண்டு அந்தரத்தில் நிற்கின்றன. தண்ணீர் காணாத படகுக்கும் ஒரு வேலை உண்டு என்பதற்கு இதைவிட நல்ல அத்தாட்சி வேண்டுமோ? மனிதருக்குப் பயன்படாத வேலையும் காணிக்கையாகலாம். ஆனால் காணிக்கையென்று கொடுப்பதில் மக்கு வைத்து மூடின பள்ளம் இருக்கலாமா? குருடும் முடமுமான ஆட்டைப் பலிக்குக் கொண்டுவந்தவர்களைத் தீர்க்கதரிசி கடிந்துகொண்டதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே பையனுக்கு என்ன சொல்லுவது? "எல்லாவற்றையும் உடைத்துப்போட்டு முதலிலிருந்து தொடங்கு" என்று சொல்ல வேண்டியதில்லை. அது நேர்மையல்ல, குரூரம். அனுபவமுள்ள தச்சன் என்ன செய்வான்? குறைந்த இடத்தில் ஒரு மெல்லிய மரப்பட்டியை ஒட்டி, காய்ந்த பின் இழைத்து, அளவுக்குக் கொண்டுவருவான். அப்படி ஒட்டுப் போட்ட வங்கு முழு வங்கைப்போலவே பலகையைத் தாங்கும். ஒட்டுப் போட்டதைச் சொல்லுவதற்கும் அவன் வெட்கப்படமாட்டான். ஒட்டுப் போடுவது வேறு, மக்கு பூசுவது வேறு. முன்னது குறையை ஒப்புக்கொண்டு மரத்தால் நிரப்புகிறது. பின்னது குறையை வைத்துக்கொண்டே கண்ணை ஏமாற்றுகிறது. பாவசங்கீர்த்தனத்தில் நாம் மனஸ்தாபப்பட்டு, சொல்லி, பரிகாரம் செய்வது முதல் வகை. பாவத்தின்மேல் நல்ல பேரைப் பூசிக்கொள்வது இரண்டாம் வகை. ஆண்டவர் நம்மிடம் குறையே இல்லாத வங்கைக் கேட்டிருந்தால் நம்மில் யார் நிற்க முடியும்? அவர் கேட்பது, குறையைக் காட்டு என்பதுதான்.

பெற்றோரே, கடைசியாக உங்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளைகள் நம்முடைய பிரசங்கத்தைவிட நம்முடைய சின்னச் சொற்களையே அதிகமாய்ப் பிடித்துக்கொள்ளுகிறார்கள். "யார் பார்க்கப் போகிறார்கள்?" என்ற வார்த்தை நம் வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை வருகிறது என்று இந்த வாரம் எண்ணிப்பாருங்கள். சாமான் பெட்டிக்குப் பின்னால் குப்பையைத் தள்ளும்போது வரும். பாலில் தண்ணீர் ஊற்றும்போது வரும். பள்ளிக்கூட வீட்டுப்பாடத்தைப் பார்த்து எழுதும்போது வரும். வந்த இடத்திலெல்லாம் நின்று, மறைவான அந்தக் காரியத்தை ஒருமுறையாவது சரியாகச் செய்து பாருங்கள். பிள்ளை பார்க்கும்படி செய்யுங்கள். கொஞ்சத்தில் உண்மையுள்ளவன் அதிகத்திலும் உண்மையுள்ளவனாயிருப்பான் என்று ஆண்டவர் போதித்ததற்கு அதைவிடத் தெளிவான ஞானோபதேச வகுப்பு கிடையாது.

பையன் தோணியை முடித்ததும் அதை வீட்டு மாடத்தில், அர்ச். சூசையப்பர் படத்துக்குக் கீழே வையுங்கள். வருகிறவர்கள் பாயையும் பாய்மரத்தையும் பார்த்து மெச்சுவார்கள். நான்காவது வங்கைப் பற்றி ஒருவரும் கேட்கமாட்டார்கள். அது பையனுக்கும் சர்வேசுரனுக்கும் தெரிந்தால் போதும்.